முதல் அஞ்சு அடி

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம், அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டலை. இன்னிக்கு சினிமாவும் இல்ல, கிரிக்கெட்டும் இல்ல. காட்டுத்தீ. இன்னும் சரியாச் சொன்னா, காட்டுத்தீ வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தர் நம்ம வீட்டைச் சுத்தி வந்து "இங்க பத்தும், அங்க பத்தும்"னு சொல்லிட்டுப் போற சமாச்சாரம். கலிஃபோர்னியா மலைப்பக்கம் வீடு வச்சிருக்கறவங்களுக்கு உபயோகப்படலாம். மத்தவங்களுக்குப் பொழுது போகும் :-)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். நமக்கு சொந்த ஊர் தேனிப்பக்கம். மாசி, பங்குனி மாசத்துல ராத்திரி மொட்டைமாடிக்குப் போனா, மேற்கால மலை மேல நெருப்பு வரிசையா ஊர்ந்து போறது தெரியும். யாரோ மலைக்கு சீரியல் லைட் போட்ட மாதிரி இருக்கும். "மலை எரியுது"ன்னு அம்மா சொல்லும். பாத்துட்டு, பாயை விரிச்சுப் படுத்துருவோம். 2018 மார்ச்ல குரங்கணியில மலையேறப் போனவங்க இருபது பேருக்கு மேல செத்தப்பதான் அந்தத் தீ ஆளைக் கொல்லும்னே எங்க தெருவுல நிறைய பேருக்கு உறைச்சது. ஆனா அப்பக்கூட வீடு எரியும்னு யாரும் பயப்படலை. நம்ம வீடு செங்கலும் சிமெண்ட்டும். எரியறதுக்கு அதுல என்ன இருக்கு?

இங்க கதையே வேற. அமெரிக்க வீடுன்றது மரச்சட்டத்துல ப்ளைவுட் அடிச்சு பெயிண்ட் பூசின பெட்டி. சுவரைத் தட்டினா டொக் டொக்குன்னு கேக்கும். விறகை அழகா அடுக்கி, உள்ள சோஃபா போட்டு, முப்பது வருஷக் கடன்ல நம்ம கையில குடுத்துருவாங்க.

நான் குடியிருக்கறது அக்கா வீட்டுல, கீழ்த்தளத்துல ஒரு ரூம். ஓக்லாண்ட் மலைக்கு அந்தாண்டப் பக்கம், 1960கள்ல கட்டின வீடு. சுத்தி ஓக் மரம், கொஞ்ச தூரத்துல தைலமரத் தோப்பு. (ஆமா, ஊட்டியில இருக்கற அதே யூகலிப்டஸ்தான். ஆஸ்திரேலியாக்காரன் மரம் ரெண்டு ஊருக்கும் வந்து சேர்ந்திருக்கு.) மலைக்கு இந்தாண்டப் பக்கத்துலதான் 1991 அக்டோபர்ல பெரிய தீ வந்தது. முந்தின நாள் அணைச்சாச்சுன்னு நினைச்ச புல்லுத்தீ, மறுநாள் காத்துல திரும்ப எழுந்து, 25 பேரைக் கொன்னு, கிட்டத்தட்ட மூவாயிரம் வீட்டை எரிச்சுட்டுப் போச்சு.

நானும் ரொம்ப நாள், தீன்னா சினிமால வர்ற மாதிரி பனைமர உயரத்துக்கு ஒரு சுவரா வந்து வீட்டை முழுங்கிரும்னுதான் நினைச்சிருந்தேன். இங்க பாதி ஜனம் அப்படித்தான் நினைக்குது. 2018 நவம்பர்ல பாரடைஸ்ன்ற ஊர் எரிஞ்சதே, அதுல 85 பேர் போனாங்க, பதினெட்டாயிரத்துக்கும் மேல கட்டடங்கள் காலி. அந்த ஊர் படங்களைத் தேடிப் பாருங்க. வீடு இருந்த இடத்துல சாம்பலும் புகைபோக்கியும் மட்டும் நிக்கும். பக்கத்துலயே பைன் மரம் பச்சையா இருக்கும்! தீச்சுவர் வந்து முழுங்கியிருந்தா மரம் எப்படித் தப்பிச்சது?

இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு வருஷக்கணக்கா வேலை பாத்தவர் ஜாக் கோஹன். அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி, மொன்டானா மாநிலத்துல மிசௌலா ஆராய்ச்சி நிலையத்துல இருந்தவர். 1990களோட கடைசியில கனடாவோட வடக்குக் காட்டுல, மரத்தோட உச்சி வரைக்கும் எரியற நிஜத் தீயை வேணும்னே மூட்டி, அதுக்கு எதிர்ல மரச்சுவர்களை நட்டு வச்சுப் பாத்தாங்க. 10 மீட்டர் தூரத்துல நட்டதுல சிலது பத்திக்கிச்சு. 30 மீட்டர்ல நட்டது பத்தவே இல்லை. அதாவது காடே எரிஞ்சாலும், நூறடி தள்ளி இருந்தா வெறும் சூட்டுல உங்க சுவர் எரியாது. அப்புறம் எப்படி ஊர் ஊரா எரியுது?

கங்கு. அதான் விஷயமே. காத்துல பறந்து வர்ற கங்கு. ஒரு மைலுக்கு மேல தாண்டி வந்து விழும். 2017ல சாண்டா ரோசாவுல ஆறு வழிச் சாலையைத் தாண்டி வந்து, காடுன்னு பேருக்குக் கூட இல்லாத காஃபி பார்க் குடியிருப்பை எரிச்சது இப்படித்தான். 2021 டிசம்பர் 30ல கொலராடோவுல மார்ஷல் தீ, ஆயிரத்துக்கும் மேல வீடு, அதுவும் குளிர்காலத்துல. கங்கு தனியா இருந்தா ஒண்ணும் பண்ணாது. அது விழற இடத்துல சருகோ, மரச்சிராயோ, காஞ்ச கொடியோ இருந்தா போதும், முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டித்தீ. அந்தக் குட்டித்தீ சுவரை ஒட்டி இருந்தா வீடு பத்தும். எரியற வீடு பத்தடி தள்ளி இருக்கற அடுத்த வீட்டைப் பத்த வைக்கும். அங்க இருந்து காட்டுக்கு வேலையே இல்லை, வீடே வீட்டை எரிச்சுக்கும்.

காப்பீட்டுக் கம்பெனிகள் சேர்ந்து ஐபிஹெச்எஸ்னு ஒரு ஆராய்ச்சி அமைப்பு வச்சிருக்கு, தெற்கு கரோலினாவுல. 105 ராட்சச ஃபேன் போட்டு முழுசா ஒரு வீட்டைக் கட்டி அது மேல கங்கு மழை பொழிய வச்சுப் பாக்கறாங்க. அந்த வீடியோவைப் பாத்த அன்னிக்கு எனக்கு ராத்திரித் தூக்கம் போச்சு.

சரி, எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன். 2025 ஜனவரியில லாஸ் ஏஞ்சல்ஸ்ல பாலிசேட்ஸ், ஈட்டன்னு ரெண்டு தீ பதினாறாயிரத்துக்கும் மேல கட்டடங்களை எரிச்சுதே, அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு அக்கா வீட்டு இன்சூரன்ஸ் கம்பெனி (பேர் வேண்டாம், விடுங்க) ஒரு லெட்டர் போட்டான். "புதுப்பிக்க மாட்டோம்." காரணம்னு ஒரு வரி: காட்டுத்தீ அபாயம். மச்சான் போன் போட்டு நாப்பது நிமிஷம் பாட்டு கேட்டுட்டு, "எதைச் சரி பண்ணினா ஏத்துக்குவீங்க?"ன்னு கேட்டார். எதிர்முனையில இருந்த பொண்ணுக்குப் பாவம், அதுவும் தெரியலை. ஒரு ப்ரோகிராம் எர்ரர் மெசேஜ் குடுக்காம க்ராஷ் ஆனா எப்படி இருக்கும், அப்படி.

எங்க தெரு 'ஃபயர்வைஸ்' திட்டத்துல இருக்கு. என்எஃப்பிஏன்ற அமைப்பு 2002ல இருந்து நடத்தறது. குறைஞ்சது எட்டு வீடாவது சேர்ந்து ஒரு குழு போட்டு, தங்களோட ஏரியாவுல என்ன ஆபத்துன்னு எழுதி, வருஷத்துக்கு வீட்டுக்கு ஒரு மணி நேரமாவது வேலை செஞ்சு கணக்குக் காட்டணும். அந்தக் குழு மூலமா, வீட்டுக்காரர் கூப்பிட்டா பயிற்சி எடுத்த தன்னார்வலர் வந்து பாத்து எழுதிக் குடுப்பார். காசு கிடையாது. அபராதம் கிடையாது. அக்காதான் கூப்பிட்டா.

வந்தவர் எழுபது வயசுத் தாத்தா. பெரிய தொப்பி, கையில க்ளிப் பலகை, கால்ல பூட்ஸ். முதல் வார்த்தையே, "நான் இன்ஸ்பெக்டர் இல்லை. இந்தக் காகிதம் உங்களுக்கு மட்டும்தான். கிழிச்சுப் போட்டாலும் நான் கேக்க மாட்டேன்"னார். மச்சான் முகத்துல இருந்த இறுக்கம் அப்பத்தான் போச்சு. எங்க டீம்ல கோட் ரிவ்யூ பண்றவங்க இந்தத் தாத்தாகிட்ட ட்யூஷன் எடுத்துக்கலாம்.

நாங்க எல்லாரும் தூரத்துல இருக்கற தைலமரத்தையே காட்டிக்கிட்டிருந்தோம். அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. சுவருக்கு முதுகைக் காட்டி நின்னு, தரையில டேப்பை வச்சு அஞ்சு அடி அளந்தார். "இங்கேருந்து ஆரம்பிப்போம். இந்த அஞ்சு அடிக்குள்ள எரியற பொருள் எதுவும் இருக்கக் கூடாது. மண்ணு, ஜல்லி, கல்லு, அவ்வளவுதான். மரம் அப்புறம் பாக்கலாம்."

அப்புறம் ஒவ்வொண்ணா. வாசல்ல தேங்காய் நார் மிதியடி: எரியும். கதவு மேல பொங்கலுக்குக் கட்டின மாவிலைத் தோரணம், ஜூன் மாசம் வரைக்கும் தொங்கிச் சுக்கா காஞ்சு கிடக்கு: எரியும். (அது என்னன்னு கேட்டார். மச்சான் விளக்கினார். "அழகா இருக்கு, காஞ்சதும் எடுத்துருங்க"ன்னு எழுதிக்கிட்டார்.) கூரைத் தண்ணி வடியற தகரக் காவாயில ஓக் இலை ரெண்டு அங்குலம்: எரியும். கூரை பரவாயில்ல, பழைய மரச்சில்லுக் கூரையை முன்னாடி இருந்தவங்களே மாத்திட்டாங்க. டெக்குக்கு அடியில அக்கா சேத்து வச்சிருந்த அட்டைப்பெட்டிகளைப் பாத்துட்டு அவர் எதுவுமே சொல்லலை, தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சார். அவ்வ்வ்.

எனக்குப் புதுசா இருந்தது காத்துத் துவாரம்தான். பரணுக்கும், வீட்டுக்கு அடியில இருக்கற வெத்திடத்துக்கும் காத்துப் போக சுவர்ல கம்பிவலை போட்ட ஓட்டைங்க இருக்கும். பழைய வலையில கண்ணு கால் அங்குலம். எலி வராம இருக்கப் போட்டது. கங்கு சுலபமா உள்ள போயிரும். வெளிய ஒரு இலை கூட எரியாம, வீடு உள்ள இருந்து, பரண்ல இருந்து பத்தும். தீ அபாயப் பகுதிகள்ல புதுசாக் கட்டற வீட்டுக்கு கலிஃபோர்னியா கட்டட விதியிலயே சின்னக் கண்ணுதான், எட்டுல ஒரு பங்கு அங்குலத்துக்கு மேல போகக் கூடாது. எங்க வீடு மாதிரி பழசை யாரும் கட்டாயப்படுத்தலை. மொத்தம் பதினாலு துவாரம். நானும் மச்சானும் ரெண்டு சனிக்கிழமை உக்காந்து மாத்தினோம், உலோக வலைக்கு நூறு டாலர் கூட ஆகலை. பொட்டி தட்டற கைக்கு நல்ல மாறுதல்.

அடுத்தது மரவேலி. வேலி நேரா வந்து வீட்டுச் சுவர்லயே முட்டும். வேலி எரிஞ்சா அது ஒரு திரி மாதிரி தீயை வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்க்கும். கடைசி அஞ்சு அடியை மட்டும் இரும்புல போட்டுருங்கன்னார்.

இது வரைக்கும் எல்லாம் காசும் உழைப்பும். அப்புறம்தான் சிக்கலே. அம்மா ரூம் ஜன்னலுக்கு வெளியே முல்லைக்கொடி.

அம்மா மூணு தடவை வந்து போனதுல வளர்ந்த கொடி அது. அப்பா போனதுக்கப்புறம் முதல் தடவை வந்தப்ப, இங்க நர்சரியில வாங்கி, சுவர்ல மரப்பட்டிகை அடிச்சு ஏத்தினது. காலையில அம்மா பேசறதே அதுகூடத்தான். தாத்தா கொடிக்குள்ள கையை விட்டு, மேல பச்சையா இருந்ததை விலக்கி, உள்ள ஒரு பிடி காஞ்ச குச்சியை எடுத்துக் காட்டினார். மேல ஜன்னல் கண்ணாடி. சூடு பட்டா கண்ணாடி வெடிக்கும், வெடிச்சா தீ நேரா கட்டிலுக்கு.

அக்கா மொழிபெயர்த்தா. அம்மா கேட்டுட்டு, "எடுக்கணும்னு சட்டமாப்பா?"ன்னு என்னைக் கேட்டுச்சு.

நல்ல கேள்வி. வீட்டைச் சுத்தி நூறடி வரைக்கும் செடி கொடியைக் குறைக்கணும்னு சட்டம் ரொம்ப நாளா இருக்கு. அந்த முதல் அஞ்சு அடிக்குன்னு தனிச் சட்டம் 2020ல போட்டாங்க. விதிமுறையை 2023 ஆரம்பத்துக்குள்ள எழுதியிருக்கணும். எழுதலை. லாஸ் ஏஞ்சல்ஸ் எரிஞ்சப்புறம், 2025 பிப்ரவரியில, அந்த வருஷத்துக்குள்ள முடிங்கன்னு கவர்னர் உத்தரவு போட்டார். ஊர் ஊரா கூட்டம் போட்டா, ஜனங்க ரோசாச் செடியைத் தொடாதேன்னு மைக்கைப் பிடிச்சுட்டு நின்னாங்க. எனக்கு அந்த ஜனங்க மேல கோபம் வரலை. ஜன்னலோரச் செடின்றது எல்லா ஊர்லயும் யாரோ ஒருத்தரோட முல்லைக்கொடிதான்.

"சட்டம் இல்லம்மா, அவர் சொல்றார், அவ்வளவுதான்"னேன். அம்மா பதில் பேசலை.

கிளம்பறப்ப தாத்தா க்ளிப் பலகையை மூடிட்டு ஒரு கேள்வி கேட்டார். "பகல்ல வீட்டுல யாரு இருப்பாங்க?"

அம்மா மட்டும். மூணு பேரும் ஆபீஸ். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது, இங்கிலீஷ் கொஞ்சம்தான், கீழ இறங்க இருக்கறது ஒரே ரோடு. அக்காவும் மச்சானும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. 1991ல செத்தவங்க நிறைய பேர் குறுகலான மலை ரோட்டுல, புகையில மாட்டினவங்கதான். தாத்தா பக்கத்து வீட்டைக் காட்டி, "அவங்களுக்குக் கார் ஓட்டத் தெரியும்"னு சொல்லிட்டு வண்டியை எடுத்தார்.

பக்கத்து வீட்டுல இருக்கறது எண்பதை நெருங்கற வெள்ளைக்காரப் பாட்டி, தனியா. அம்மாவுக்கும் அவங்களுக்கும் பொது பாஷை கிடையாது, ஆனா வேலிக்கு மேல எலுமிச்சம்பழமும் கொழுக்கட்டையும் போய் வரும். அவங்க வீட்டுப் பக்கவாட்டுல மூணு ஜூனிபர் புதர், எங்க சுவர்ல இருந்து பன்னிரண்டு அடி. ஜூனிபர்னா இங்க தீயணைப்புக்காரங்க பல்லைக் கடிக்கற செடி, எண்ணெய்ப்பசை, உள்ளுக்குள்ள பூரா சருகு. அது அவங்க வீட்டுக்காரர் நட்டது. அவர் செத்து ஒன்பது வருஷம். நாங்க துவாரம் துவாரமா வலை அடிச்சு, இரும்பு வேலி போட்டு, அந்த மூணு புதர் எரிஞ்சு அவங்க வீடு பத்தினா, எங்க வலைக்கு ஒரு மரியாதையும் கிடையாது. இந்த விஷயத்துல ஒருத்தன் மட்டும் ஒழுங்கா இருந்து பிரயோஜனம் ரொம்பக் கம்மி. அதே சமயம், போய் "உங்க புருஷன் நட்ட செடியை வெட்டுங்க"ன்னு யார் சொல்றது? மச்சான் ஜகா வாங்கிட்டார். தாத்தாவும் கூப்பிடாத வீட்டுக்குப் போக மாட்டார்.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை காலையில வெட்டற சத்தம். அம்மாதான். கொடியை இடுப்பு உயரத்துக்கு வெட்டி, வேரோட மண்ணுக்கட்டியைத் தோண்டிக்கிட்டு இருக்கு. "ஏய்யா, பாத்துட்டு நிக்காம கடப்பாரையைப் பிடி"ன்னுச்சு. தோட்டத்துக் கடைசியில, வீட்டுல இருந்து முப்பதடி தள்ளி, இரும்புக் கம்பிப் பந்தல் போட்டு நட்டோம். வெயில் காலத்துல பிடுங்கி நடக் கூடாதுன்னு அம்மாவுக்குத் தெரியாதா? தெரியும். "கார்த்திகை வரைக்கும் பொறுத்தா நல்லது. தீ பொறுக்குமா?"ன்னுச்சு.

பாட்டி வேலிக்கு அந்தாண்ட நின்னு முழுசாப் பாத்துக்கிட்டிருந்தாங்க. மறுநாள் அக்காகிட்ட அந்தத் தொப்பித் தாத்தா நம்பரைக் கேட்டு வாங்கினாங்க.

அப்புறம் என்ன ஆச்சுன்னா: தாத்தா போய்ப் பாத்தார், அவங்களுக்கும் அதே காகிதம். ரெண்டு மாசம் ஒண்ணும் நடக்கலை. அக்டோபர்ல எங்க பக்கம் இருந்த ரெண்டு புதரை ஆள் வச்சு எடுத்தாங்க. மூணாவது, அவங்க சமையலறை ஜன்னலுக்கு நேரா இருக்கறது, அப்படியே இருக்கு. அதைப் பத்தி நாங்க பேசறதில்ல. சிவப்புக் கொடி எச்சரிக்கை வந்தா அவங்க காரை ரோட்டுப் பக்கம் திருப்பி நிறுத்தணும், அம்மா பாஸ்போர்ட் பையோட அவங்க வாசல்ல போய் நிக்கணும்னு ஏற்பாடு. ஒரு தடவை ஒத்திகையும் பாத்தோம். அம்மா பையில பாஸ்போர்ட்டுக்கு மேல ஊறுகாய் பாட்டில்.

இன்சூரன்ஸ்? வேலை எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினோம். பழைய கம்பெனி மசியலை. வீட்டைப் பலப்படுத்தினவங்களுக்குத் தள்ளுபடி குடுக்கணும்னு 2022 அக்டோபர்ல இருந்து இங்க விதி இருக்கு, ஆனா உங்களை வாடிக்கையாளரா வச்சுக்கணும்னு அந்த விதி சொல்லலை. நல்லா யோசிச்சுதான் எழுதியிருக்கான். கடைசியில, வேற வழியில்லாதவங்களுக்குன்னு இருக்கற ஃபேர் ப்ளான்லதான் சேர்ந்தோம். பிரீமியம் முன்னாடி கட்டினதைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதுல ஃபயர்வைஸுக்கும் மத்ததுக்கும் சேர்த்துச் சின்னத் தள்ளுபடி. அந்தத் தள்ளுபடியில மாசம் ஒரு மசால் தோசை சாப்பிடலாம் :-)

முல்லை அந்த வெயில்ல இலை பூராக் கொட்டிருச்சு. போச்சுன்னுதான் நினைச்சோம். இந்த பிப்ரவரியில அடித்தண்டுல நாலு துளிர். அம்மா ஊருக்குத் திரும்பிப் போயாச்சு, வாரா வாரம் வீடியோ கால்ல முதல்ல அதைத்தான் காட்டச் சொல்லுது.

டிஸ்கி: நான் தீயணைப்பு வல்லுநர் இல்லை, சாதாரணமா பொட்டி தட்டறவன். உங்க ஏரியாவுல இந்த மாதிரி வந்து பாத்துச் சொல்றவங்க உண்டான்னு பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துல கேளுங்க. அவங்க வர்றதுக்குள்ள டெக்குக்கு அடியில இருக்கற அட்டைப்பெட்டியை எடுத்துருங்க, பாவம் அந்தத் தாத்தா.